சவ்வில்லாச் சிறுமணிகளும் முட்டைக்கலமும்

கலத்தைப் பல அறைகள் கொண்ட வீடாகவே நம் மாணவர் முதலிற் கற்கின்றனர். கருவுக்கு ஓர் உறையுண்டு, இழைமணிக்கும் உறையுண்டு, மென்சவ்வு இன்றேல் அறையும் இல்லை என்பது பாலபாடம். ஆயினும் அப்பாடநூலின் படத்திலேயே, கருவினுள் புன்கரு என்னும் கரும்புள்ளி யாதோர் உறையுமின்றி அமர்ந்திருக்கின்றது. அஃது ஏன் கரைந்து போகவில்லை என்று நம்முள் எவரும் ஆசிரியரை வினவியதில்லை. வினவியிருப்பின் அவர் பாடு சங்கடமாயிருந்திருக்கும். இத்தகைய வினாவுக்குத் தெளிந்த விடையொன்று 2009ஆம் ஆண்டில் ஒரு புழுவின் முளையத்திலிருந்து கிடைத்தது.

முட்டைக்கலத்தின் கடமை பெரிது. பிலிமத்தலாவையைச் சூழ்ந்த மலைநாட்டிலே வாழும் புதர்த்தவளைகளை எண்ணிப் பாருங்கள். அவை மண்ணிலிடும் முட்டைகளிலிருந்து வாற்பேய்ப் பருவமின்றிச் சிறு தவளைகளே நேராக வெளிவருகின்றன. உணவு மாத்திரமன்று, முளையம் தொடக்கத்திற் செய்யவேண்டியவற்றுக்கான கட்டளைகளும் தாயிடமிருந்தே வந்தாகவேண்டும். ஆர்.என்.ஏ. வடிவிலமைந்த அக்கட்டளைகள் உரிய காலமும் உரிய இடமும் வரும்வரை வாளாவிருத்தல் வேண்டும். விலங்குகளின் முட்டைக்கலங்களில் இப்பணிக்கு உதவுவன ஆர்.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்தமைந்த சிறுமணிகள். அவற்றுக்கு மென்சவ்வு இல்லை.

இவற்றின் சிறப்பைப் பழைய ஆய்வாளர் கண்ணாரக் கண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஹெக்னர், வண்டு முட்டையின் பின்முனையை அழித்தபோது, இனக்கலங்களற்ற முளையம் உண்டாயிற்று. 1974இல் இல்மென்சேயும் மஹோவால்டும் பழ ஈயின் முட்டையில் பின்முனைக் குழியவுருவை எடுத்து வேறொரு முட்டையின் முன்முனையிற் செலுத்தினர்; அங்கும் இனக்கலங்கள் தோன்றின!

ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள சீனோராப்டைற்றிசு எலிகன்சு என்னும் புழுவில் இம்மணிகளுக்குப் 'பீ மணிகள்' என்று பெயர். கருக்கட்டிய முட்டை முழுவதும் பரவியிருந்த இவை, முதற் பிரிவுக்கு முன்னரே பின்பாதியில் ஒன்றுகூடிவிடும். ஜேர்மனியின் திறெஸ்டன் நகரைச் சேர்ந்த பிராங்வின், ஹைமன், யூலிச்சர் முதலியோர் கூர்ந்து நோக்கியபோது, இரு மணிகள் சந்தித்தால் ஒன்றாகின. கருவின் மேற்பரப்பில் வழிந்தோடின. அவை திண்மமல்ல, திரவத்துளிகள்! இரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகளைப் பாருங்கள். நெய்யைப் பிரித்துவைக்க அங்கே சுவர் ஏது? மணிகள் பின்னோக்கி நகர்ந்து செல்வதுமில்லை. முன்பாதியிற் கரைந்து, பின்பாதியில் ஒடுங்கித் துளியாகின்றன.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் தொடர்புண்டு. பின்னர்க் கான்பூரிலும் சென்னையிலும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிற் பணியாற்றிய கே. சுப்பிரமணியம், ஜெரால்டின் செய்டூவுடன் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பீ மணிகளுடன் சேர்ந்திருக்கும் 'நொஸ்-2' என்னும் தாய்வழி ஆர்.என்.ஏ.யிலிருந்து இனக்கலங்களிலே புரதம் உண்டாகின்றதென்றும், அதுவும் 'நொஸ்-1'உம் ஒருங்கே இல்லாதபோது குடம்பிப் பருவத்தில் இனக்கலங்கள் பெருகாது மடிகின்றனவென்றும் அவர்கள் காட்டினர். இத்துணைச் சிறு மணி சுமக்கும் பொறுப்பு அது.

எல்லா மணிகளும் திரவமல்ல. ஆபிரிக்கத் தவளையின் இளமுட்டைக்கலத்தில் பல்பியானிப் பொருள் என்றொரு திரளுண்டு. அதன் புரதம் அல்சைமர் நோயாளரின் மூளையிற் படியும் இழைகளை ஒத்த வலைப்பின்னலாய் அமைகின்றதென்று 2016இல் எல்வன் பெக்கேயும் துணைவரும் கண்டனர். மூளையிலே கேடாவது முட்டையிலே காவலாகின்றது. முட்டை வளரும்போது அத்திரள் கலைந்தும் விடுகின்றது.

மனித முட்டைக்கலத்துக்கு இச்செய்தி நெருங்கியது. பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் பிறக்கு முன்னரே தோன்றி, பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன. 2022இல் மெலினா சூவின் குழுவினர், வளர்ந்த பாலூட்டி முட்டைக்கலத்தில் இழைமணிகளைச் சூழ்ந்து, கூழ்போன்ற ஓர் அமைப்புத் தாயின் ஆர்.என்.ஏ.யைச் சேமித்து வைத்திருப்பதைக் கண்டனர். இதனைக் கட்டுவது 'சார்-1' என்னும் புரதம். அப்புரதத்தை அகற்றியபோது அமைப்புக் குலைந்தது, இழைமணிகள் சிதறின, சேமித்த கட்டளைகள் காலத்துக்கு முன்னரே அழிந்தன. இப்புரதமற்ற பெண்ணெலிகளுக்குக் குட்டிகள் பிறப்பதில்லை.