இல்லம் திரும்பும் வழி

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்பன அந்நான்கு. இக்காலப் பெருமருத்துவமனைகளில் நான்காம் கூறு ஆலமரம் போல் பல விழுதுகள் விட்டுப் பரந்துள்ளது. செவிலியர், மருந்தாளர், இயன்முறை மருத்துவர், நோயாளர் ஊர்தி ஓட்டுவோர், துப்புரவுப் பணியாளர், எழுத்தர் எனப் பலரும் அதனுள் அடங்குவர். இவர்கள் தத்தம் தொழிலில் வல்லவராயிருத்தல் மட்டும் போதாது. ஒருவர் செயலோடு மற்றவர் செயல் இயைதலும் வேண்டும். அவ்வியைபு குன்றின் விளையும் துன்பத்தை ஒரு காட்சியால் உணரலாம்.

இங்கிலாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றை மனத்திற் கொள்க. வார்டு எனப்படும் நோயாளர் கூடத்தில் முப்பது படுக்கைகள் உள்ளன. நுரையீரல் காய்ச்சலால் வருந்திய முதியவர் ஒருவர் நலம்பெற்றுவிட்டார். காலை பத்து மணிக்கு மருத்துவர் அவரைப் பார்த்து, “நீங்கள் இன்று வீட்டுக்குச் செல்லலாம்” என்று மகிழ்வோடு கூறுகிறார். முதியவர் தம் உடையை அணிந்து கட்டிலின் ஓரத்தில் அமர்கிறார். ஆனால், அவர் பெற்ற சிகிச்சையைக் குறிக்கும் கடிதம் நண்பகல் வரை எழுதப்படவில்லை. வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய மருந்து மூன்று மணிக்கே வந்து சேர்கிறது. மருந்து வந்தபின்னரே ஊர்திக்குச் சொல்லியனுப்புகின்றனர். மாலை ஆறு மணிக்கு அவர் புறப்படுகிறார்.

அதே நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு மூதாட்டி ஒருவர் மூச்சுத் திணறலோடு அவசர சிகிச்சைப் பகுதிக்குக் கொண்டுவரப்படுகிறார். கூடத்தில் படுக்கை இல்லை. ஆகவே அவர் நடைவழியில், தள்ளுவண்டியின் மேல், மாலை ஏழு மணி வரை கிடக்க நேர்கிறது. அம்முதியவரும் இம்மூதாட்டியும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். ஆயினும் ஒருவர் காத்திருந்தமையே மற்றவர் காத்திருந்தமைக்குக் காரணமாயிற்று. இதில் கடமை தவறியவர் என்று ஒருவரையும் சுட்டிக்காட்ட இயலாது. ஒவ்வொருவரும் தம் பணியைச் செய்தனர். ஆனால் முன்னவர் முடிக்கும் வரை பின்னவர் தொடங்கவில்லை. குறை அவ்விடைவெளியில் இருந்தது.

மதகு அடைபட்ட ஏரியில் கால்வாய் நீர் மேன்மேலும் வந்து சேருமாயின் கரை உடைதல் திண்ணம். மருத்துவமனையின் இயல்பும் அத்தகையதே. காத்திருக்கும் வரிசைகளை ஆராய்ந்த ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-ஆம் ஆண்டில் ஒரு விதியை நிறுவினார். நாள்தோறும் வருவோர் தொகையை, ஒருவர் தங்கும் சராசரி நாள்களால் பெருக்கினால், ஒரே வேளையில் உள்ளே இருப்போர் தொகை கிடைக்கும். நாளொன்றுக்கு அறுவர் வந்து, ஒவ்வொருவரும் ஐந்து நாள் தங்கினால், முப்பது படுக்கைகள் போதும். ஒவ்வொருவரும் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேரின் முப்பத்தாறு படுக்கைகள் வேண்டும். படுக்கைகள் முப்பதே எனின், நாள்தோறும் ஐவருக்கே இடமுண்டு. ஆறாமவர் வாயிலில் நிற்பார்.

அங்ஙனமாயின், நலம்பெற்றவர் இன்னும் சில நாள் இளைப்பாறிச் செல்லுதல் அவருக்கேனும் நன்மையன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. வேண்டாப் படுக்கை வாசம் உடலுக்குத் தீங்கு என்பதை ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் 1947-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நடவாத கால் வலுவிழக்கும், இரத்தம் உறையும், புறத்தோலில் புண் தோன்றும். முதியோர்க்கு இத்தீங்குகள் விரைந்து வரும்.

இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள் நாட்டு மருத்துவப் பணி தொடங்கப்பெற்றது. செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லார்க்கும் மருத்துவம் அளிப்பதே அதன் நோக்கம். எல்லார்க்கும் உரிய படுக்கையை முறைப்படி வழங்குதலும் அதன் கடமையாயிற்று. இதன்பொருட்டு அங்கு ஐந்து விதிகள் வகுக்கப்பட்டன. நோயாளர் ஒவ்வொருவரையும் மூத்த மருத்துவர் நாள்தோறும் நண்பகலுக்குமுன் காணுதல் முதல் விதி. இல்லம் திரும்பத்தக்க நாள் இன்னது என நோயாளர் ஒவ்வொருவர்க்கும் வரையறுத்தல் இரண்டாவது. அவசரப் பகுதியில் உள்ளோரைக் கூடத்துக்குக் காலையிலேயே அனுப்பத் தொடங்குதல் மூன்றாவது. அன்று செல்வோருள் மூன்றிலொரு பங்கினரை நண்பகலுக்குமுன் அனுப்புதல் நான்காவது. ஏழு நாளுக்கு மேல் தங்கினோர் நிலையைப் பலரும் கூடி ஆராய்தல் ஐந்தாவது.

இவற்றை நடைமுறைப்படுத்தக் காலையில் கூடத்துப் பணியாளர் அனைவரும் ஒரு பலகையின் முன் சில நிமிடம் கூடுவர். நோயாளர் ஒவ்வொருவரும் இல்லம் திரும்புதற்கு இன்று எச்செயல் நிகழ வேண்டும், அதனைச் செய்வோர் யார் என முடிவு செய்வர். அச்செயல் நிகழ்ந்த நாளைப் பச்சை நாள் என்றும், நிகழாது வீணே கழிந்த நாளைச் சிவப்பு நாள் என்றும் குறிப்பர். முறையாக நடக்கும் கூடத்தில் கடிதம் முன்னாளே எழுதப்படும். மருந்து முன்னாளே வரவழைக்கப்படும். வீட்டில் துணையாவார் உளரா என்பது நோயாளர் சேர்ந்த நாளிலேயே கேட்டறியப்படும். விடைகொடுத்தனுப்பும் பணி கடைசி நாளில் தொடங்குவதன்று. வரவேற்ற நாளிலேயே தொடங்குவதாகும்.

எனினும், படுக்கை வேண்டுமென்பதற்காக நலம்பெறாதவரை வெளியேற்றுதல் பெரும்பிழை. சமைத்துத் தருவார் இல்லாத வீட்டுக்கு, நடக்கவியலாத ஒருவரை இரவில் அனுப்பினால், அவர் சில நாளில் முன்னினும் மோசமாகி மீண்டும் அவ்வாயிலுக்கே வருவார். ஆதலின் இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவமனையை விட்டுச் செல்வோர்க்கு வேண்டும் இல்லத் துணையை ஏற்பாடு செய்யும் பொறுப்பில் ஊராட்சி அமைப்புகள் தாமதித்தால், அதற்குப் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. பிற்காலத்தில் அவ்விதிகள் மாற்றம் பெற்றன. ஆயினும் நோயாளரின் நலம் மருத்துவமனை வாயிலோடு முடிவதில்லை என்னும் கருத்து நிலைத்தது.

கண்முன் உள்ளவர்க்கு இரங்குதல் எளிது. காணாதவர்க்கு இரங்குதல் அரிது. கடிதத்தைக் காலத்தே எழுதும் இளமருத்துவர், மருந்தை முன்னரே கட்டிவைக்கும் மருந்தாளர், காலியான படுக்கையை உடனே தூய்மை செய்யும் பணியாளர் ஆகியோர் நடைவழியிற் கிடக்கும் மூதாட்டியின் முகத்தைக் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் அவருக்கே தொண்டு செய்கின்றனர். தம் சிறு பணியைக் காலத்தாற் செய்வோர், தாம் அறியாத ஒருவரின் துயரைத் துடைப்போராவர்.