வியன்னாவில் ஒரு கற்பனை வழக்கு

கேள்வி: சர்வதேச வணிகத் தகராறுகளில் வாதாடிப் பழக மாணவர்களுக்குப் போட்டி உண்டா?

பதில்: உண்டு. 1994 முதல் ஈஸ்டரை ஒட்டி வியன்னாவில் நடக்கும் வில்லம் விஸ் மூட்தான் அதில் பெரிய பெயர்.

அக்டோபரிலேயே வழக்குக் கட்டு வெளியாகிவிடும். கம்பெனிகள் கற்பனை, ஒப்பந்தம், கடிதப் போக்குவரத்து எல்லாம் அச்சு அசல். முதலில் வாதிக்காக மனு எழுதும் அணியே, பிறகு வேறொரு அணியின் மனுவைப் பிரித்து மேய்ந்து பிரதிவாதிக்காகவும் எழுத வேண்டும். வியன்னாவில் மூன்று நடுவர்கள், பேச்சின் பாதியிலேயே, “இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று மடக்குவார்கள். மனப்பாடம் செய்தவர் அங்கேயே காலி.

வழக்குகளுக்கு அடிப்படை, 1980ஆம் ஆண்டு ஐ.நா. சரக்கு விற்பனை உடன்படிக்கை. இந்தியா அதில் சேரவில்லை. நம் மாணவர்களோ அதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறார்கள்!

ஹாங்காங்கிலும் 2004 முதல் இதன் தங்கைப் போட்டி நடக்கிறது.