மூளைக் காய்ச்சலும் மரபணு எழுத்துகளும்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் சித்தி மகனுக்கு நான்கு நாள் விடாத காய்ச்சல். ஐந்தாம் நாள் வலிப்பு வந்தது. தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டு சென்றார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். "மூளைக் காய்ச்சல்தான், எந்தக் கிருமி என்று தெரியவில்லை" என்றாராம் மருத்துவர். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் எழுதும்போது அவன் கை இன்னும் நடுங்குகிறது. அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா என்று உயிரியல் பாடம் நடத்தும் சிஸ்டரிடம் கேட்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

மூளையைத் தாக்குவது வைரஸாகவோ, பாக்டீரியாவாகவோ, காளானாகவோ, அமீபாவாகவோ இருக்கலாம். அறிகுறிகளோ பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும். வழக்கமான சோதனைகளில் பல, குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டுமே தேடும். "நீ காசநோய்க் கிருமியா?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடை வரும், வேறு யார் என்று அது சொல்லாது. மருத்துவர் நினைத்தே பாராத கிருமியை யார் தேடுவார்?

மரபணு வரிசையைப் படிக்கும் முறை அப்படிப்பட்டதன்று. தண்டுவட நீரில் மிதக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துண்டுகளை, இன்னாருடையது என்று பாராமல் படிக்கிறது. நம் பாடநூல்களையெல்லாம் கிழித்துக் கலந்துவிட்டாலும், ஒரு துண்டில் இரண்டு வரி இருந்தால் எந்த நூல் என்று சொல்லிவிடுவோம் அல்லவா? அவ்வாறே கணிப்பொறி ஒவ்வொரு துண்டையும் அறியப்பட்ட உயிரினங்களின் மரபணுக்களோடு ஒப்பிடுகிறது.

2014ஆம் ஆண்டு வெளியான செய்தி ஒன்று வியப்பானது. அமெரிக்காவில், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய 14 வயதுச் சிறுவன் நான்கு மாதங்களில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். மூளைத் திசுவைச் சோதித்தும் பயனில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் சியூ என்பவரின் குழு அவனது தண்டுவட நீரைப் படித்தது. 30,63,784 துண்டுகளில் 475 மட்டும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியுடையவை! நம் ஊரில் எலிக் காய்ச்சல் என்கிறோமே, அதை உண்டாக்கும் கிருமி இனந்தான். 48 மணி நேரத்தில் விடை கிடைத்தது. கொடுத்த மருந்து என்ன தெரியுமா? பழைய பெனிசிலின்தான். சிறுவன் நலம் பெற்றான்.

ஆயினும் இது மந்திரக்கோல் அன்று. 2019இல் வெளியான ஆய்வில் 204 நோயாளிகளிடம் 58 தொற்றுகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் 13 இம்முறையால் மட்டுமே தெரிந்தவை; 26 இம்முறைக்குத் தப்பியவை. நம் தமிழ்நாட்டில், 1955இல் வேலூரில் முதன்முதலாக அறியப்பட்ட ஜப்பானிய மூளைக் காய்ச்சலையே பாருங்கள். அதன் வைரஸ் தண்டுவட நீரில் அதிக நாள் தங்குவதில்லை. ஆகவே அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய சோதனையே அதற்கு ஏற்றது. செலவும் குறைவு. புதிய முறைக்கு விலையுயர்ந்த கருவியும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டுமே!

இதைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பிக்கு எடுத்த நீரை இன்னும் வைத்திருப்பார்களா?" என்றார்.