வெண்ணெய்ப்பழமும் சிறுநீரகமும்

தேக்கா சந்தையில் வாழைப்பழத்துக்குப் பக்கத்திலேயே வெண்ணெய்ப்பழமும் அடுக்கியிருக்கிறார்கள். அவகாடோ என்றால் சட்டெனப் புரியும். சென்ற மாதம் நம் கடைக்கு வந்த நீரிழிவுக்கார அன்பர் ஒருவர், "இந்தப் பழம் உடம்புக்கு நல்லதாமே, பாய்?" என்றார். நாமும் யோசியாமல், "தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டோம். அவருக்குச் சிறுநீரகமும் பழுதென்று மாலையில்தான் தெரியவந்தது. அன்றிரவு நமக்குத் தூக்கமில்லை.

100 கிராம் வெண்ணெய்ப்பழத்தில் பொட்டாசியம் என்னும் சத்து சுமார் 485 மில்லிகிராம், வாழைப்பழத்தில் 360. சிறுநீரகம் நன்றாயிருப்பவருக்கு இது நன்மையே. இரத்தக் கொதிப்பைத் தணிக்கும். மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ அது இரத்தத்திலேயே தேங்கி, இருதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும். முன்னறிகுறி ஏதுமின்றியும் இது நேரலாம். கிழங்கை நறுக்கி வேகவைத்து நீரை வடித்தால் இச்சத்து குறையும். பச்சையாகத் தின்னும் பழத்துக்கு அவ்வழியில்லை. பேரீச்சம்பழத்தில் இது 650க்கும் மேல். நோன்பு திறக்கும் சிறுநீரக நோயாளர் கவனிக்க. நாமே விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது!

நோயாளர் எல்லோருக்கும் ஒரே தடையில்லை. இரத்தத்தைப் பரிசோதித்து வைத்தியரே அளவு சொல்வார். சிங்கப்பூரில் சிறுநீரகம் செயலிழக்க முதற்காரணம் நீரிழிவு. ஆகவே நீரிழிவுள்ள வியாபாரிகள் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும். கடையை அரைநாள் அடைத்தாலும் நஷ்டமில்லை.

மறுநாள் காலையிலேயே அந்த அன்பர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். வாங்கிய நான்கில் மூன்றைப் பேரன் தின்றுவிட்டானாம்.