மீதி 999 பேர்

அன்புள்ள நிலா,

குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புக்குப் போகலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். கூடவே, "சளி, காய்ச்சல், பிரஷர், சுகர் என்று தினமும் ஒரே மாதிரி வருகிற ஓ.பி.யில் ஆராய்ச்சி பண்ண என்ன அத்தை இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வி பல வருஷமாக மாணவர்கள் என்னிடம் கேட்டு வருவதுதான். உனக்காவது கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் ஒரு மாநாடு கூடும். வட அமெரிக்க முதல்நிலை மருத்துவ ஆராய்ச்சிக் குழு என்ற அமைப்பு அதை நடத்துகிறது. இங்கிலாந்தில் குடும்ப டாக்டராக இருந்துவிட்டு அமெரிக்கா போன மாரிஸ் வுட், 1972-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் கூட்டிய சின்னக் கூட்டம்தான் இதன் தொடக்கம். 2022-ல் பீனிக்ஸ் நகரில் பொன்விழா கண்டார்கள். 2024-ல் கியூபெக் சிட்டியில் கூடினார்கள். தெருமுனை கிளினிக்கில் என்ன நடக்கிறது என்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் அங்கே வருகிறார்கள்.

அவர்கள் ஏன் தனியாகக் கூட வேண்டும்? காரணம் 1961-ல் வந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. கெர் ஒயிட் என்பவரும் அவருடைய சகாக்களும் எளிமையான ஒரு கணக்குப் போட்டார்கள். வயது வந்த 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு வருகிறது. அதில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்வது ஒரே ஒருவர். 40 வருஷம் கழித்து, 2001-ல், லாரி கிரீன் குழு இதே கணக்கைத் திரும்பப் போட்டது. உள்ளே சில எண்கள் மாறியிருந்தன. கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தார்.

இப்போது உன் பாடப்புத்தகத்தை எடுத்துப் பார். அதில் இருக்கிற நோயின் இலக்கணம், பரிசோதனையின் துல்லியம், மருந்தின் பலன் எல்லாம் பெரும்பாலும் அந்த ஒருவரைப் பார்த்து எழுதியவை. நீ நாளைக்கு உட்காரப் போவது மீதிப் பேரின் முன்னால். அந்த ஒருவரிடம் கற்றதை இவர்களிடம் அப்படியே போட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பரிசோதனை இருக்கிறது என்று வை. நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 90 பேரை "இல்லை" என்று சரியாகவே சொல்லும். ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பப்பட்டு வந்த 1000 பேரில் பாதிப் பேருக்கு அந்த நோய் இருந்தால், உண்மையான பாசிட்டிவ் 450, பொய்யான பாசிட்டிவ் 50. பாசிட்டிவ் என்று வந்தால் பத்துக்கு ஒன்பது நிச்சயம். அதே பரிசோதனையை உன் கிளினிக்கில் செய். இங்கே வருகிற 1000 பேரில் 10 பேருக்குத்தான் அந்த நோய். உண்மையான பாசிட்டிவ் 9, பொய்யானது 99. பாசிட்டிவ் என்று வந்த 108 பேரில் நோய் உள்ளவர் 9 பேர், அதாவது பன்னிரண்டில் ஒருவர். மீதிப் பதினொரு பேரும் பயந்து, ஸ்கேன் எடுத்து, கடன் வாங்கி அலைவார்கள். இந்தக் கணக்கு உனக்குப் புரிந்துவிட்டால் ஓ.பி.யை ஒரு நாளும் சாதாரணமாக நினைக்க மாட்டாய்.

ஆஸ்பத்திரியில் போட்ட கணக்கைக் கிளினிக்கில் சரிபார்க்கும் வேலை தொண்டைவலி விஷயத்தில் நிஜமாகவே நடந்தது. 1981-ல் ராபர்ட் சென்டர் குழு, எமர்ஜென்ஸிக்கு வந்த பெரியவர்களைப் பார்த்து, யாருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று இருக்கலாம் என்று கணிக்க நான்கு அறிகுறிகளை வைத்து ஒரு மதிப்பெண் முறை செய்தது. டொரண்டோவின் குடும்ப டாக்டர் வாரன் மெக்ஐசக் அதைத் தன்னைப் போன்றவர்களின் கிளினிக்குகளில் சோதித்து, குழந்தைகளும் வருகிற இடம் என்பதால் வயதையும் சேர்த்துத் திருத்தினார். இன்று பல நாடுகளில் ஆன்டிபயாட்டிக் எழுதுவதற்கு முன் போடும் கணக்கு அந்தத் திருத்திய முறைதான்.

முதலில் சொன்ன அந்த மாநாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. அங்கே வரும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் மறுநாள் கிளினிக்கில் உதவக்கூடியவை எவை என்று, நோயாளி பார்க்கிற டாக்டர்களே பொறுக்கி எடுத்து 'முத்துக்கள்' என்று வெளியிடுகிறார்கள். நோயாளிகளும் அங்கே வெறும் பார்வையாளர்களாக வருவதில்லை. ஆய்வுக் குழுவில் உறுப்பினராக, தங்கள் டாக்டரோடு சேர்ந்து வருகிறார்கள். எதை ஆராய வேண்டும் என்று நோயைச் சுமக்கிறவரிடமே கேட்பது நியாயம். நம் பக்கத்தில் இது இன்னும் வேர் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தத் துறையின் கேள்விகள் எப்படிப்பட்டவை தெரியுமா? பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவதா, ராத்திரியிலா? உன்னிடமே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! 2019-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு ஆய்வு, ராத்திரியில் போட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் வெகுவாகக் குறையும் என்றது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக் குடும்ப டாக்டர் ஸ்காட் கேரிசன் இதே கேள்வியைக் கிளினிக்குகளிலேயே சோதித்தார். ஐந்து மாகாணங்களில், குடும்ப டாக்டர்களிடம் வழக்கமாக வருகிற 3,357 பேர். புது மருந்து கிடையாது. போடுகிற நேரத்தை மட்டும் குலுக்கல் முறையில் பிரித்தார். 2025-ல் முடிவு வெளியானது: வித்தியாசம் இல்லை, ராத்திரியில் போடுவதால் கெடுதலும் இல்லை. மறக்காமல் போட எது வசதியோ அந்த நேரம் போதும்.

இன்னொன்று இருமல். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மார்க் ஈபெல் குழு 2013-ல் இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சளி பிடித்தால் இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று மக்களிடம் கேட்டார்கள். சராசரியாக 7 முதல் 9 நாள் என்று பதில் வந்தது. உண்மையில் எத்தனை நாள் என்று பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள், 17.8 நாள். எட்டாம் நாள் "இன்னும் விடலையே" என்று வருகிறார்கள்; ஆன்டிபயாட்டிக் எழுதுகிறோம்; இருமல் தானாக நிற்க வேண்டிய நாளில் நிற்கிறது; மருந்துக்குப் பெயர் கிடைக்கிறது. அடுத்த முறை மூன்றாம் நாளே அதே மருந்தைக் கேட்பார்கள். நாள்கணக்கை முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு மருந்து மிச்சம், பார்!

ஆனால் இந்த 17.8-ஐ அப்படியே கொண்டுவந்து உன் ஓ.பி.யில் வைத்துவிடாதே. நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தில் இரண்டு வாரம் இருமல் நீடித்தாலே சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் "பொறுங்கள், தானே போய்விடும்" என்று சொல்லக்கூடிய அதே பதினைந்தாம் நாள், இங்கே கோழை டப்பாவைக் கையில் கொடுக்க வேண்டிய நாள். வருகிற ஜனங்கள் மாறினால் ஒரே அறிகுறிக்குப் பொருள் மாறிவிடுகிறது. மேலே போட்ட கணக்கின் மறுபக்கம் இது. அப்படியானால் நம் ஊர் கிளினிக்குக்கு இருமலோடு வருகிறவர்கள் எத்தனையாம் நாள் வருகிறார்கள்? அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் எத்தனை பேர் என்னென்ன வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்? எத்தனையாம் நாள் நிற்கிறது? இதை நம் ஜனங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறெந்த நாட்டு எண்ணும் உதவாது.

ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போடும்போது இதையே எடுத்துக்கொள். முதல் வாரம் எதையும் எழுதாதே, பார், கேள். பிறகு கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி அங்குள்ள மெடிக்கல் ஆபீசரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் காட்டு. அந்த அக்காவுக்கு வீடு வீடாகத் தெரியும். யார் மருந்தை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று உனக்குக் கிடைக்காத பதில் அவரிடம் இருக்கும். உன் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி வருவதற்கு முன் ஒருவர் பெயரையும் குறித்துக்கொள்ளாதே. விண்ணப்பத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு. கேள்வித்தாளைச் சேர்ந்தே திருத்துவோம்.

அன்புடன்,
அத்தை