வாசல் வடிகாலும் குடிநீர்ப் பாதைதான்

1970களில் சிங்கப்பூர் ஆற்றோரம் நடந்தவரா நீங்கள்? அந்தக் கறுத்த நீரும் நாற்றமும் உங்களுக்கு மறந்திருக்காது. 1977ல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கியது. பன்றிப் பண்ணைகளும் சாலையோரக் கடைகளும் இடம் மாறின. 1983ல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்குச் சென்றன. பத்தாண்டு உழைப்புக்குப் பின், 1987ல் ஆறு தெளிந்தது. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த அதே ஆற்றின் நீர், இன்று நாம் குடிக்கும் நீருக்கு ஆதாரங்களில் ஒன்று.

மழைநீர் எங்கே போகிறது?

சமையலறை, கழிவறை நீர் தனிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்கிறது. மழைநீரின் வழி வேறு. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை, வடிகால், கால்வாய், ஆறு வழியாக 17 நீர்த்தேக்கங்களைச் சேர்கிறது. புளோக்கின் கீழே போடும் சிகரெட் துண்டும் பிளாஸ்டிக் பையும் அதே வழியில்தான் பயணம் செய்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியவை

• முறுக்கு, வடை சுட்ட எண்ணெயை வடிகாலிலோ தொட்டியிலோ ஊற்றாதீர்கள். ஆறவைத்து, பழைய தாளில் ஊறவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.
• பூசைப் பூக்களையும் மாலைகளையும் ஆற்றில் விடாதீர்கள். அவை அழுகி நீரைக் கெடுக்கும்.
• வளர்ப்பு மீன், ஆமைகளை நீர்நிலைகளில் விடாதீர்கள். அது புண்ணியமன்று, சட்டப்படி குற்றம்.

கரையோரம் நடக்கும்போது

வாரத்திற்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடப்பது இதயத்திற்கும் மூட்டுகளுக்கும் நல்லது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு ஒரு காலத்தில் சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. 2012 முதல் அது புல்லும் கல்லும் சூழ இயற்கையாக ஓடுகிறது. காலை நடைக்கு ஏற்ற இடம்.

• தண்ணீர், தொப்பி, வழுக்காத காலணி மறவாதீர்கள். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் சிறிது தின்பண்டமும் வைத்துக்கொள்ளுங்கள்.
• வானம் இருண்டால் உடனே கரையைவிட்டு மேலே வந்துவிடுங்கள். நீர்மட்டம் விரைவாக உயரும்.
• குப்பையோ எண்ணெய்ப் படலமோ கண்டால் நீங்களே நீரில் இறங்காதீர்கள். ஒன்சர்விஸ் செயலியில் படத்துடன் தெரிவியுங்கள். செயலி பழக்கமில்லையா? பேரப்பிள்ளையிடம் கேளுங்கள்.

மற்றவர்களோடு சேருங்கள்

1998ல் தொடங்கப்பட்ட நீர்வழிக் கண்காணிப்புச் சங்கத்தின் தொண்டூழியர்கள் மிதிவண்டியிலும் படகிலும் சென்று குப்பை அகற்றுகிறார்கள். அருகிலுள்ள சமூக மன்றத்திலும் துப்புரவு நடவடிக்கை உண்டா என விசாரியுங்கள். கலந்துகொண்டால் கையுறை அணிந்து, இடுக்கியால் குப்பையை எடுங்கள். காயங்களை மூடிக்கொள்ளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ஆறு அன்று எப்படி இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த வாரம் பேரப்பிள்ளைகளை ஆற்றோரம் அழைத்துச் சென்று அந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டு வளரும் பிள்ளை வடிகாலில் குப்பை போடத் தயங்கும்.