பள்ளி மூடிய நாளில் குழந்தையின் பங்கு



கொள்ளை நோய்க் காலத்து ஊரடங்கு எல்லோருக்கும் ஒரே ஆணையாகவே பிறப்பிக்கப்பட்டது. 2020 மார்ச் 25 முதல் செல்வரும் வறியரும் ஒருங்கே வீட்டினுள் இருக்கப் பணிக்கப்பட்டனர். ஆனால், ஆணை ஒன்றாயினும் வீடுகள் ஒன்றல்ல. அதன் பாரம் எந்தக் குழந்தையின் மீது மிகுதியாக விழுந்தது, ஏன் விழுந்தது, மீண்டும் அவ்வாறு நேருமாயின் நம் சங்கங்கள் செய்யத்தக்கது யாது என்பதே இம்மாதப் பாடம்.

1. கூலியும் அடுப்பும்

நெல் விளைவிக்கும் அங்கத்தினர் அக்காலத்தில் விற்பனை தடைப்பட்டு நஷ்டமுற்றார். எனினும், அறுவடை கண்ட வீட்டில் சில மாதங்களுக்காவது நெல் இருந்தது. நெசவாளர் நிலை வேறு. அவர் உண்பது அனைத்தும் கூலியைக் கொண்டு வாங்குவதே. தறியில் இருந்த பாவு தீர்ந்தால் அடுத்த பாவுக்கு நூல் வேண்டும். நெய்த சேலை விற்கத் திருமணமும் திருவிழாவும் வேண்டும். இரண்டும் நின்றபோது கூலியும் நின்றது.

கூலி நின்ற வீட்டில் முதலில் குறைபவை முட்டை, பால், பருப்பு, காய்கறி ஆகியவை. அரிசி கடைசியாகவே குறையும். ஆகவே, பசியாறியதுபோல் தோன்றும் குழந்தையும் வளர்ச்சிக்கு வேண்டிய சத்தின்றி மெலிகின்றது.

2. பானைச் சோறும் தட்டுச் சோறும்

அரசு வாளாவிருந்துவிடவில்லை. 2020 ஏப்ரல் முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளிகளுக்குத் தலைக்கு 5 கிலோ தானியம் இலவசமாக வந்தது. தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் வழங்கப்பட்டது. இவற்றை மக்களிடம் சேர்த்தவை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாய விலைக் கடைகளே. இது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

எனினும், ஒரு வேற்றுமையை நாம் உணர வேண்டும். வீட்டுக்கு வரும் அரிசி பொதுப் பானையில் சேர்கின்றது. அதனை எல்லோரும் பகிர்ந்து உண்பர். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவோ குழந்தையின் தட்டில் விழுந்து குழந்தையின் வயிற்றுக்கே செல்வது. வாரம் ஐந்து முட்டையும் அதில் அடக்கம். பள்ளிகள் மூடப்பட்டதால் இவ்வுணவு நின்றதை 2020 மார்ச் 18-இல் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பின்னர் அரிசியும் பருப்பும் உலர்பொருளாக வழங்கப்பட்டன. அவையும் பொதுப் பானையிலேயே சேர்ந்தன. இங்கு 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் மீண்டும் திறந்தன. அதுவரை 19 மாதங்களுக்கு மேல் குழந்தை தன் தட்டை இழந்திருந்தது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்கு ஊரடங்கு ஒன்றே காரணமன்று. 2015–16-லேயே இவ்வெண் 51. அரிசிக்குத் தட்டுப்பாடில்லாத மாநிலத்திலும் இந்நிலை எனின், வயிறு நிறைவது வேறு, உடல் தேறுவது வேறு என்பது தெளிவு.

3. தவறிய தடுப்பூசி

முக்கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையைக்கூடப் பெறாத இந்தியக் குழந்தைகள் 2019-இல் ஏறக்குறைய 14 லட்சம். 2020-இல் 30 லட்சம். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2021-இல் வெளியிட்ட கணக்கு இது. வாகன வசதி உள்ளவர் தனியார் மருத்துவரை நாடினர். இல்லாதவர் தவணையைத் தவறவிட்டனர். 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவியபோது, நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலேயே அது மிகுதியாகத் தாக்கியது. குழந்தைகள் சிலர் உயிரிழந்தனர்.

4. சங்கம் செய்யத்தக்கவை

2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாயிற்று. ஆகவே, இனிப் பள்ளி மூடப்படின் குழந்தை இழப்பது ஒரு வேளை உணவன்று, இரு வேளை உணவு. முன்னேற்பாடாக இவற்றை ஆலோசிக்கலாம்:

(அ) அங்கத்தினர் வீடுகளில் உள்ள கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரின் வயதுவாரிப் பதிவேடு ஒன்றைச் சங்கத்தில் வைத்து ஆண்டுதோறும் புதுப்பித்தல்.

(ஆ) துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, முட்டையும் பருப்பும் குழந்தையின் பெயரிலேயே வழங்குதல்.

(இ) விளைவிப்போர் சங்கமும் நெசவாளர் சங்கமும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளுதல். 2020 ஏப்ரலில் வாங்குவாரின்றிக் காய்கனிகள் தோட்டத்திலேயே அழுகின. அக்காலத்திலேயே நெசவாளர் வீடுகளில் காய்கறியின்றிச் சோறு பொங்கியது. இவ்விரு துன்பங்களையும் ஒன்றுக்கொன்று மருந்தாக்குவதே கூட்டுறவு.

(ஈ) கிராம சுகாதார செவிலியரின் உதவியுடன், தவறிய தடுப்பூசிகளைக் கண்டறிந்து போடச் செய்தல்.

ஆபத்து வந்தபின் கூட்டம் கூட்டுவது எளிதன்று; ஊரடங்கில் கூட்டத்துக்கே தடை இருக்கும். எனவே, தீர்மானம் இப்போதே நிறைவேற வேண்டும்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்க அங்கத்தினர் வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்?
2. கூலி ஒரு மாதம் நின்றால் எத்தனை வீடுகளில் பால் நிற்கும்?
3. பொதுநல நிதி குறித்து நம் துணைவிதிகள் கூறுவது யாது?
4. நம் வட்டாரத்தில் எந்த விளைவிப்போர் சங்கத்துடன் நாம் ஒப்பந்தம் செய்யலாம்?